தோற்ற பயிற்சியாளர், வென்ற ஆசிரியர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. விளையாட்டு உலகில் இப்பழமொழி சற்றே மாறி வழங்குகிறது. அங்கே தோற்றவர்கள் கூடத்தைக் குறை கூறுவதில்லை. பயிற்சியாளரைக் குறை கூறுகிறார்கள்.

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆட்டம் ஒரு திருவிழாவைப் போல நடைபெறுகிறது. ஓர் அணி தொடர்ந்து தோற்றுவிட்டால் போதும். பயிற்சியாளரை மாற்றிவிடலாமா, இன்னும் ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாமா என்று கல்லூரித் தலைவர் முதல் கடைத்தெருவில் நிற்பவர் வரை அனைவரும் வாதாடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைச் சொல்வானேன்? மாவட்டப் போட்டியில் நம் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிய மாலையில், பேருந்தில் நாம் பேசிக்கொண்டு வந்தது என்ன? பந்தைப் பிடிக்கத் தவறிய நம் கைகளைப் பற்றிப் பேசினோமா? இல்லை. வேறு பயிற்சியாளர் வந்தால்தான் நம் பள்ளி உருப்படும் என்றே பேசினோம்.

அந்தப் பேச்சு நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை அறிந்தோம். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் பெரும் புகழ் பெற்றது. அதன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்களுள், வெற்றியை விடத் தோல்வியே மிகுதியாகக் கண்டவர் ஒரே ஒருவர். அவர் காலத்தில் அணி பெற்ற வெற்றிகள் 55; தோல்விகள் 60. அப்படித் தோற்றவர் யார் என்று கேட்டால் வியப்பில் நம் விழிகள் விரியும். கூடைப்பந்து என்னும் விளையாட்டையே உலகுக்குத் தந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவர்களே அவர்!

பெற்றோரை இழந்த சிறுவர்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடா நாட்டின் ஒன்டாரியோப் பகுதியில் ஆல்மான்ட் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மரபைச் சேர்ந்த எளிய குடும்பம் அவருடையது. 1870ஆம் ஆண்டு டைபாய்டு காய்ச்சல் அவர் இல்லத்தில் புகுந்தது. சில வாரங்களுக்குள் தந்தையும் தாயும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். ஜேம்ஸும் அவர்தம் சகோதரியும் தம்பியும் ஆதரவற்று நின்றனர். தாய்மாமன் பீட்டர் யங் அவர்களைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார்.

மாமன் வீட்டில் பாசத்திற்குக் குறைவில்லை, உழைப்பிற்கும் குறைவில்லை. மரம் வெட்டுவதும், குதிரை வண்டி ஓட்டுவதும், வயல் வேலை செய்வதும் சிறுவரின் அன்றாடக் கடமைகள். வேலை முடிந்த பின் அவ்வூர்க் கொல்லன் பட்டறைக்குப் பின்னால் சிறுவர் கூடுவர். அங்கே ஒரு பெரிய பாறை இருந்தது. பாறையின் மேல் ஒரு சிறு கல்லை வைத்து, தொலைவில் நின்று வேறு கற்களால் எறிந்து அதை வீழ்த்துவது அவர்களது விளையாட்டு. வேகமாக நேரே எறிந்தால், குறி தப்பிய கல் வெகுதூரம் ஓடிவிடும். அதை எடுத்து வருவதற்குள் எதிராளி தொட்டுவிடுவான். ஆகவே கல்லை மெல்ல மேலே தூக்கி, வில் போல் வளைந்து விழும்படி எறிபவனே கெட்டிக்காரன். பாறையடியில் கற்ற இந்தப் பாடம் பின்னாளில் உலகம் முழுவதும் பரவப்போகிறது என்பதை அப்போது யார் அறிவார்?

ஜேம்ஸ் படிப்பில் சிறந்து விளங்கியவர் என்று சொல்ல முடியாது. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குச் சென்றுவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, தாம் செய்தது தவறு என்று உணர்ந்தார். இளைஞரான பிறகு, தம்மினும் சிறிய பிள்ளைகளோடு மீண்டும் பள்ளிப் பலகையில் அமர்ந்து படித்து முடித்தார். இதற்குத்தான் எத்தகைய மனத்துணிவு வேண்டும்!

1883இல் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்ற பின் சமய போதகராக விரும்பி இறையியலும் பயின்றார். கூடவே காற்பந்து, உடற்பயிற்சி முதலியவற்றிலும் முன்னணியில் நின்றார். போதகராகப் போகிறவருக்கு விளையாட்டு எதற்கு என்று பலர் முகம் சுளித்தனர். ஆனால் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி அவர் வழியை முடிவு செய்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த நண்பர் சினத்தில் தகாத சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு, அருகில் ஜேம்ஸ் நிற்பதைக் கண்டு வெட்கி மன்னிப்புக் கேட்டார். ஜேம்ஸ் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அங்கே இருந்ததே போதுமாயிருந்தது. மேடையில் நின்று போதிப்பதைப் போலவே திடலில் நின்றும் மனிதரை நல்வழிப்படுத்தலாம் என்று அவர் உணர்ந்தார். போதகர் பணியை விட்டு அவர் விளையாட்டுக்குச் சென்றதைச் சகோதரியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆயினும் அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார்.

பதினான்கு நாள் தவணை

1890இல் நெய்ஸ்மித் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்தார். அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் முதலில் மாணவராகவும் பிறகு ஆசிரியராகவும் இருந்தார். அப்பள்ளியின் உடற்பயிற்சித் துறைத் தலைவர் லூதர் கியூலிக் என்பவர்.

குளிர்காலம் வந்தால் அந்நகரில் திடல் முழுவதும் பனி மூடிவிடும். கூடத்துக்குள் அடைபட்ட மாணவர்கள் நாள்தோறும் ஒரே விதமாகக் கையை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தாக வேண்டும். 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு இதை அறவே வெறுத்தது. முதலில் ஓர் ஆசிரியர் சென்றார்; அவரால் அவர்களை அடக்க முடியவில்லை. அவருக்குப் பதிலாக மற்றொருவர் சென்றார். அவரும் தோற்றுத் திரும்பினார். அப்போது நடந்த ஆசிரியர் கூட்டத்தில் நெய்ஸ்மித் ஒரு கருத்தைச் சொன்னார். குற்றம் மாணவர்களிடம் இல்லை. நாம் கற்பிக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் அந்த வகுப்பை நீரே எடுத்துக்கொள்ளும் என்று கியூலிக் அவரிடமே ஒப்படைத்துவிட்டார். கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்க 14 நாள் தவணையும் கொடுத்தார்.

தோழியரே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்களை மாற்றியும் பயன் விளையவில்லை. ஏன்? ஆளை மாற்றினார்களே தவிர முறையை மாற்றவில்லை. மூன்றாமவராகச் சென்றவர் முறையை மாற்றியதால்தான் வென்றார்.

அந்த வெற்றியும் எளிதில் கிட்டவில்லை. காற்பந்து முதலிய வெளிவிளையாட்டுகளைக் கூடத்துக்குள் ஆடவைத்துப் பார்த்தார். மரத்தரையில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக் காயம் பட்டதுதான் மிச்சம். தவணை முடியும் தறுவாயில் அமைதியாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதால்தானே பிடித்துத் தள்ளுகிறார்கள்? பந்தோடு ஓடக்கூடாது என்று விதித்தால் தள்ள வேண்டிய தேவை ஏது? இலக்கு எதிரே நேராக இருப்பதால்தானே பந்தை வெறிகொண்டு எறிகிறார்கள்? இலக்கைத் தலைக்கு மேல் கிடையாக வைத்தால் மெல்லத் தூக்கித்தானே போடவேண்டும்? கொல்லன் பட்டறைப் பாறையும் வளைந்து விழுந்த கல்லும் அவர் நினைவுக்கு வந்தன. புதிய விளையாட்டு பிறந்தது.

இரண்டு பெட்டிகள் கிடைக்குமா என்று பள்ளிப் பணியாளரிடம் கேட்டார். பெட்டிகள் இல்லை, பீச் பழக் கூடைகள் இரண்டு உண்டு என்று அவர் கொண்டுவந்து கொடுத்தார். கூடத்தைச் சுற்றியிருந்த மாடத்தின் விளிம்பில் அவை அறையப்பட்டன. அந்த விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. உலகெங்கும் கூடைப்பந்து வளையம் இன்றும் அதே 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. 13 விதிகள் தட்டச்சு செய்யப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. 1891 டிசம்பர் 21ஆம் நாள், 18 பேரும் ஒன்பது ஒன்பது பேராகப் பிரிந்து காற்பந்து ஒன்றைக் கொண்டு ஆடினர். ஆட்டம் முடிந்தபோது கூடையில் விழுந்திருந்தது ஒரே ஒரு பந்து. கூடைக்கு அடிப்பாகம் இருந்தமையால், பந்து விழும்போதெல்லாம் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் முரட்டு வகுப்பு மகிழ்ச்சியில் திளைத்தது. இவ்விளையாட்டுக்கு அவருடைய பெயரையே வைக்கலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னபோது நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் சேர்ந்து கூடைப்பந்து என்றே பெயர் நிலைத்தது.

பெண்களும் வந்தனர்

சில நாட்களில் அருகிலிருந்த பள்ளி ஆசிரியைகள் சிலர் இந்த வேடிக்கையைக் காண மாடத்தில் வந்து நின்றார்கள். நாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். பெண்கள் ஓடியாடுவதே ஆகாது என்று கருதிய காலம் அது. நெய்ஸ்மித் தடை சொல்லவில்லை. நீண்ட பாவாடையும் குதிகால் உயர்ந்த காலணியுமாக அவர்கள் ஆடத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான மாட் ஷெர்மன் என்னும் பெண்மணியை நெய்ஸ்மித் 1894இல் மணந்தார். அவர்களுக்கு ஐந்து மக்கள் பிறந்தனர்.

ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் இவ்விளையாட்டைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. இன்று நாம் மாலை வேளையில் கூடைப்பந்து ஆடுகிறோம் என்றால், அன்று மாடத்தில் நின்று கேட்ட அந்த ஆசிரியைகளுக்கும் நாம் நன்றி சொல்லவேண்டும்.

நம் நாட்டுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே பயின்ற எச்.சி. பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர்.

தோல்விக் கணக்கு

திருமணத்திற்குப் பின் நெய்ஸ்மித் டென்வர் நகருக்குச் சென்றார். பகலில் வாலிபர் சங்க உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1898இல் மருத்துவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மாணவர் வழிபாட்டை நடத்தவேண்டும், உடற்பயிற்சியும் கற்பிக்கவேண்டும். இறையியல், மருத்துவம், உடற்பயிற்சி மூன்றும் கற்ற நெய்ஸ்மித்தை விடப் பொருத்தமானவர் யார்? அவரை அழைத்துக்கொண்டார்கள். கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி தர அவரை அழைக்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். அவர் வந்ததால் அணி உண்டாயிற்று. அவ்வளவே.

1899 பிப்ரவரி 3ஆம் நாள் கன்சாஸ் அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. எதிரணி கன்சாஸ் சிட்டி வாலிபர் சங்கம். விளையாட்டைக் கண்டுபிடித்தவரின் அணி 16க்கு 5 என்ற கணக்கில் தோற்றது! தொடக்கமே இப்படி அமைந்தது. அதன் பின் ஒரு நாள் வெற்றி, ஒரு நாள் தோல்வி என்று ஆண்டுகள் உருண்டன.

ஏன் தோற்றார்? அவருக்கு வெல்லும் எண்ணமே பெரிதாக இல்லை. கூடைப்பந்து என்பது ஆடி மகிழ வேண்டியது. உடலும் உள்ளமும் நலம் பெறுவதற்கானது. அதற்குத் தனியாகப் பயிற்சியாளர் எதற்கு என்று அவர் எண்ணினார். தம் அணி ஆடும் ஆட்டத்திற்கே அவர் நடுவராக நின்றதுண்டு. நடுவர் எப்படித் தம் அணியின் பக்கம் பேச முடியும்? தவறு செய்தவன் தம் மாணவனாயினும் ஊதலை ஊதிவிடுவார்.

நாம் அந்த நாற்காலியில் இருந்தால்?

நாம் அந்நாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத் தலைவரின் நாற்காலியில் அமர்ந்திருந்தால் என்ன முடிவு செய்திருப்போம்? வகுப்பில் எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது.

ஒரு சாரார் மாற்றக்கூடாது என்றனர். விளையாட்டைப் படைத்தவரையே விளையாட்டுக்கு ஆகாதவர் என்று விலக்குவது நன்றி கொன்ற செயல் அல்லவா? அவர் மாணவர்களுக்கு நேர்மையைக் கற்பிக்கிறார். எண்ணிக்கையில் அடங்காத வெற்றி அது. மேலும் வழிபாடு, வகுப்பு, மருத்துவ ஆலோசனை என்று பத்துப் பணிகளைச் சுமப்பவரிடம் அணி தோற்றதற்குக் கணக்குக் கேட்பது நியாயமா?

மறு சாரார் மாற்றத்தான் வேண்டும் என்றனர். ஆடுகின்ற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறார்கள், வியர்வை சிந்துகிறார்கள். எப்படி வெல்வது என்று சொல்லித்தர ஒருவர் வேண்டாமா? பெரியவர் மீதுள்ள மரியாதைக்காக அவர்களது உழைப்பை வீணாக்கலாமா? தாய் நல்லவள் என்பதற்காக அவளே பிள்ளைக்கு அறுவை மருத்துவம் செய்ய முடியுமா?

இரண்டும் நியாயமாகவே தோன்றின. அப்போது தமிழ் வகுப்பில் படித்த தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இன்ன வேலையை, இன்ன கருவியால், இன்னவர் முடிப்பார் என்று ஆராய்ந்து, அவரிடமே அந்த வேலையை விட்டுவிடவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த வழி. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல அங்கே கேள்வி. வேலைக்கும் ஆளுக்கும் பொருத்தம் உண்டா என்பதே கேள்வி.

கன்சாஸில் நடந்ததும் அதுதான். 1907இல் அணியின் பொறுப்பு நெய்ஸ்மித்தின் மாணவரான ஃபாரஸ்ட் ஆலன் கைக்கு மாறியது. மூடுபனியில் கப்பல்களுக்கு எச்சரிக்கை செய்யும் ஊதுகுழல் போன்ற குரலை உடையவர் என்பதால், மூடுபனி என்னும் பொருள்பட ஃபாக் ஆலன் என்று அவரை அழைத்தனர். இவர் வேறொரு கல்லூரிக்குப் பயிற்சியாளராகச் செல்லத் தொடங்கியபோது, கூடைப்பந்துக்குப் பயிற்சியாவது, அதை ஆடினால் போதுமே என்று நெய்ஸ்மித் நகைத்ததாகச் சொல்வர். ஆனால் பயிற்சி உண்டு என்பதை மாணவர் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் கன்சாஸ் 18 ஆட்டங்களில் வென்று 6இல் மட்டும் தோற்றது. அடுத்த ஆண்டு வெற்றி 25, தோல்வி 3. இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1919இல் திரும்பி வந்து 1956 வரை அவரே பயிற்சியாளராக இருந்தார். கன்சாஸில் அவர் பெற்ற வெற்றிகள் 590, தோல்விகள் 219.

ஆகவே பயிற்சியாளரை மாற்றியது சரியே என்று எண்கள் சொல்கின்றன. ஆனால் எண்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. கன்சாஸ் பல்கலைக்கழகம் பயிற்சியாளரை மாற்றியதே ஒழிய நெய்ஸ்மித்தைத் தூக்கி எறியவில்லை. அவர் எதற்காக அழைக்கப்பட்டாரோ அந்த ஆசிரியப் பணியில் 1937 வரை, அதாவது மேலும் 30 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். அவரும் மனம் கசந்து ஒதுங்கவில்லை. தம் மாணவர் தம்மினும் பெரிய பயிற்சியாளராக உயர்ந்ததைக் கண்டு பொறாமைப்படவும் இல்லை. குருவை மிஞ்சிய சீடன் என்பது குருவுக்குத்தானே பெருமை!

கதவு அடைக்கப்பட்ட மாணவர்

நெய்ஸ்மித்தின் ஆசிரியப் பணி எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார். கூடைப்பந்துப் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவர் கனவு. அவர் தந்தையார் நெய்ஸ்மித்திடம் சென்று வழி கேட்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார். அந்நாளில் நிறவேற்றுமை கொடுமையாக இருந்தது. வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. கறுப்பினத்தார் அவ்வணியில் ஆட அனுமதிக்கப்படவில்லை.

அணியின் கதவு அடைபட்டது. முதிய ஆசிரியரின் கதவு திறந்திருந்தது. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, விளையாட்டின் நுட்பங்களையும் மனித உடலின் இயல்பையும் கற்பித்தார். தடைகள் வந்தபோதெல்லாம் அவருக்காகப் பேசினார். 1936இல் பட்டம் பெற்று வெளியேறிய மெக்லெண்டன், பிற்காலத்தில் டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றின் அணியை 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசிய வாகை சூடச் செய்தார்.

ஆலனிடம் ஆடிய மாணவர்களும் பெரும் பயிற்சியாளர்களாயினர். அடால்ஃப் ரப் கென்டக்கி அணிக்கு நான்கு முறையும், டீன் ஸ்மித் வட கரோலினா அணிக்கு இரண்டு முறையும் தேசிய வாகை பெற்றுத் தந்தனர். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போல, தோற்ற பயிற்சியாளர் ஒருவரிடமிருந்து எத்தனை வென்ற பயிற்சியாளர்கள்!

முதல் உலகப் போரின்போது நெய்ஸ்மித் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் பிரான்சு நாட்டில் போர்வீரர்களிடையே தொண்டாற்றினார். 1925இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

மழையில் நனைந்த மகிழ்ச்சி

1936இல் பெர்லின் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாகக் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் ஆலன். 74 வயதான நெய்ஸ்மித்துக்குப் பெர்லின் செல்லும் வசதி இல்லை. தம் கண்டுபிடிப்பால் அவர் செல்வம் சேர்த்துக்கொள்ளவில்லை. கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கத்தார் ஆட்டங்களில் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டி அவரை அனுப்பிவைத்தார்கள்.

இறுதி ஆட்டம் திறந்த வெளியில், கொட்டும் மழையில் நடந்தது. மண்தரை சேறானதால் பந்து தரையிலிருந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19க்கு 8 என்ற கணக்கில் வென்றது. தோற்ற நாடு எது தெரியுமா? கனடா! ஒன்று அவர் பிறந்த நாடு. மற்றொன்று அவர் வாழ்ந்த நாடு. வென்றவர்களும் தோற்றவர்களும் தம் பிள்ளைகளாகவே நிற்க, அவர்களுக்குப் பதக்கங்களை வழங்கிய முதியவரின் மனம் எப்படி நிறைந்திருக்கும்!

1937இல் மனைவி மாட் மறைந்தார். அதே ஆண்டு அவரும் ஓய்வு பெற்றார். 1939 நவம்பர் 28ஆம் நாள், தம் 78ஆம் வயதில், லாரன்ஸ் நகரில் நெய்ஸ்மித் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் பெயர் மறையவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. கன்சாஸில் 1955இல் கட்டப்பட்ட பெரிய விளையாட்டரங்கிற்கு ஆலன் பெயரைச் சூட்டினார்கள். அதனுள்ளே இருக்கும் ஆடுகளத்திற்கு நெய்ஸ்மித் பெயரைச் சூட்டினார்கள். சீடர் கூரையாகவும் குரு தரையாகவும் இருக்கின்றனர். தரையில்லாமல் யாரால் ஆட முடியும்? அவர் தட்டச்சில் எழுதி ஒட்டிய 13 விதிகளின் மூலத்தாள்கள் 2010இல் 43 இலட்சம் டாலருக்கு ஏலம் போயின. அவையும் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்கே வந்து சேர்ந்தன. 1976இல் பெண்களுக்கான கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அது நடந்த நகரம், இளைஞர் நெய்ஸ்மித் படித்த அதே மான்ட்ரியால்!

முடிவுரை

தோற்கும் பயிற்சியாளரை மாற்றலாமா, கூடாதா? நெய்ஸ்மித்தின் வாழ்க்கை நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகிறது. ஆளை மாற்றுமுன் முறையில் குற்றம் உண்டா என்று பார்க்கவேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு வகுப்பு அதற்குச் சான்று. மாற்றத்தான் வேண்டுமென்றால், அஞ்சாமல், ஆனால் மரியாதை குறையாமல் மாற்றவேண்டும். கன்சாஸ் அதற்குச் சான்று. மாற்றப்பட்டவர் அத்துடன் முடிந்துபோனவர் அல்லர்; அவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறொன்று காத்திருக்கிறது; மெக்லெண்டன் அதற்குச் சான்று.

தோழியரே, இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்றும் உண்டு. அது ஆடுபவர்கள் செய்யவேண்டியது. பேருந்தில் நாம் பேசிய பேச்சு நமக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று மாலைப் பயிற்சிக்கு வராமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம், விரல்கள் போதவில்லை. மறுவாரம் மணி அடித்ததும் அனைவரும் திடலுக்குச் சென்றோம். நம் பயிற்சியாளர் ஒன்றும் கேட்கவில்லை. பந்தை எடுத்து, மெல்ல மேலே தூக்கி, வளைந்து விழும்படி போடக் கற்றுக்கொடுத்தார்.